தோலில் இல்லாத காரணம்

2020 மார்ச் கடைசி வாரத்தில் பிரிட்டனில் மருத்துவர்கள் கொரோனாவுக்குப் பலியாகத் தொடங்கினார்கள். ஒருவர் சூடானில் பிறந்த உறுப்பு மாற்று அறுவை மருத்துவர். இன்னொருவர் பாகிஸ்தானிலிருந்து வந்து எசெக்ஸ் கடலோர ஊரொன்றில் பல ஆண்டுகள் குடும்ப மருத்துவம் பார்த்தவர். மற்றொருவர் நைஜீரியாவில் பிறந்தவர். பட்டியல் பத்தைத் தொட்டபோது, பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த சாந்த் நாக்பால் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: இறந்த பத்து மருத்துவர்களும் சிறுபான்மை இனங்களைச் சேர்ந்தவர்கள்.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில், அதாவது என்.எச்.எஸ்ஸில், மருத்துவர்களில் அப்போது நூற்றுக்கு 44 பேர் அப்படிப்பட்ட பின்னணியினர். மற்ற எல்லாம் சமமாக இருந்து வெறும் தற்செயலால் மட்டுமே முதல் பத்துப் பேரும் அவர்களாக அமைய, ஏறத்தாழ மூவாயிரத்து எழுநூறில் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஏதோ ஒன்று சமமாக இல்லை.

அந்த ஏப்ரலில் மயக்கவியல் மருத்துவர் டிம் குக் இரண்டு சக மருத்துவர்களோடு சேர்ந்து, செய்திகளிலும் இரங்கல் குறிப்புகளிலும் வெளியான மருத்துவப் பணியாளர் மரணங்களை ஒவ்வொன்றாகத் திரட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட மரணங்கள். இறந்த செவிலியரில் 71 சதவீதம் சிறுபான்மை இனத்தவர். பணியில் இருந்த செவிலியரில் அவர்கள் 20 சதவீதம்தான். இறந்த மருத்துவர், பல் மருத்துவரில் 94 சதவீதம். பணியில் 44 சதவீதம்.

அதே பட்டியலில் இன்னொரு வியப்பும் இருந்தது. மூச்சுக்குத் தவிக்கும் நோயாளியின் தொண்டைக்குள் குழாய் இறக்குபவர் மயக்கவியல் மருத்துவர். கிருமிக்கு அவரளவு நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோகிறவர் மருத்துவமனையில் வேறு யாரும் இல்லை. ஆனால் இறந்தவர்களில் மயக்கவியல் மருத்துவரோ தீவிர சிகிச்சை மருத்துவரோ ஒருவர்கூட இல்லை. இந்த இரண்டு புதிர்களுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கே போகும் முன், கையில் இருக்கும் எண்களை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்துவிடுவோம்.

செய்தித்தாளிலிருந்து தொகுத்த பட்டியல் முழுமையானதல்ல. யாருடைய மரணம் செய்தியாகிறது என்பதே ஒரு வடிகட்டி. மருத்துவரின் மரணம் படத்தோடு வரும். இரவில் வார்டைத் துடைத்தவரின் மரணம் வராமலே போகலாம். முறையான கணக்கு வேண்டுமென்றால் இறப்புப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்போது இறப்புச் சான்றிதழில் இனம் எழுதப்படுவதில்லை. எனவே தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஒவ்வோர் இறப்புப் பதிவையும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே நபர் கொடுத்த தகவலோடு இணைத்துப் பார்த்தது. 2020 மே 7 அன்று வந்த முடிவு இது: வயது வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், கறுப்பின ஆண்கள் கொரோனாவில் இறக்கும் வாய்ப்பு வெள்ளையின ஆண்களைப்போல 4.2 மடங்கு. மருத்துவத் துறைக்கு உள்ளே மட்டுமல்ல, நாடு முழுக்கவே இடைவெளி இருந்தது.

வயதை ஏன் கழிக்க வேண்டும்? கொரோனா முதியவர்களைத்தான் அதிகம் கொன்றது. பிரிட்டனின் சிறுபான்மை இனத்தவரோ சராசரியில் இளையவர்கள். வெறும் தலைகளை எண்ணினால் அந்த இளமை, ஏற்றத்தாழ்வின் ஒரு பகுதியை மூடி மறைத்துவிடும். எழுபது வயதுக்காரரை எழுபது வயதுக்காரரோடும் நாற்பதை நாற்பதோடும் வைத்து ஒப்பிடும்போது இடைவெளி குறைவதற்குப் பதிலாக விரிகிறது. இப்படி ஒத்தவரை ஒத்தவரோடு ஒப்பிடுவதைச் சரிக்கட்டல் என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையின் முக்கியமான கருவி அதுதான். அதைத் தவறாகப் பிடித்தால் கையை வெட்டும் என்பதையும் பின்னால் பார்ப்போம்.

அடுத்த படி, கேள்வியை இரண்டாகப் பிளப்பது. ஒருவர் கொரோனாவில் இறக்க வேண்டுமானால் முதலில் தொற்ற வேண்டும். தொற்றிய பின் நோய் முற்ற வேண்டும். ஏற்றத்தாழ்வு எந்தக் கட்டத்தில் நுழைந்தது? மரணங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. தொற்று வந்துபோன எல்லோரையும் கண்டுபிடிக்க வேண்டும், இருமல்கூட இல்லாமல் கடந்துபோனவர்கள் உட்பட. அதற்கு இரத்தத்தைக் கேட்க வேண்டும். கிருமி வந்துபோனால் உடல் அதற்கெதிராகச் செய்த எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, சில மாதங்களாவது இரத்தத்தில் தங்கும்.

2020 ஏப்ரல் 24, 25 ஆகிய இரு நாட்களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவமனைகளில், அறிகுறி ஏதும் இல்லாமல் வேலையில் இருந்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பணியாளர்களிடம் இரத்தம் எடுத்தார்கள். நால்வரில் ஒருவருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. எந்தப் பிரிவில் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தபோதுதான் முதல் வெளிச்சம் விழுந்தது. முதலிடம் துப்புரவுப் பணியாளர்களுக்கு: 34.5 சதவீதம். அடுத்து அவசர அனுமதி வார்டு, பொது மருத்துவ வார்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் 14.8 சதவீதம் மட்டுமே. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவமனைகளில் பத்தாயிரம் பணியாளர்களைச் சோதித்தபோதும் அதே சித்திரம்: நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுசெல்பவர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இரண்டு ஆய்வுகளிலும் சிறுபான்மை இனப் பணியாளர்களுக்குத் தொற்று கூடுதல். மருத்துவமனைக்கு வெளியே, இங்கிலாந்து முழுவதிலும் ஒரு லட்சம் பேரைச் சோதித்த பெரிய ஆய்வும் அந்தக் கோடையில் இதையே காட்டியது: எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வெள்ளையரில் 5 சதவீதம், ஆசியரில் 11.9, கறுப்பினத்தவரில் 17.3.

ஆக, ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே நுழைந்துவிட்டது. நோய் முற்றுவதற்கு வெகு முன்பே, கிருமியை யார் சந்திக்கிறார்கள் என்பதிலேயே.

தீவிர சிகிச்சைப் பிரிவு ஏன் பாதுகாப்பாக இருந்தது? அப்போது பிரிட்டனில் இருந்த விதிப்படி, நுண்திவலைகளைக் காற்றில் கிளப்பும் என்று கருதப்பட்ட மருத்துவச் செயல்களுக்குத்தான் காற்றை இறுக்கமாக வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 முகக்கவசம். மற்ற வார்டுகளுக்குச் சாதாரண அறுவை முகக்கவசம். குழாய் இறக்குவது முதல் வகையில் வந்தது. நோயாளி இருமுவது எந்த வகையிலும் வரவில்லை. பிரிஸ்டல் ஆய்வாளர்கள் அறுவை அரங்கின் காற்றில் துகள்களை எண்ணிப் பார்த்தபோது, குழாய் இறக்கும்போது கிளம்பும் திவலைகள், ஒரு சாதாரண இருமலில் கிளம்புவதைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. தீவிர சிகிச்சைக்கு வரும் நோயாளி பெரும்பாலும் நோயின் இரண்டாவது வாரத்தில் இருப்பார். கிருமியைக் கொட்டும் உச்சம் கடந்திருக்கும். செயற்கைச் சுவாசக் கருவியோடு இணைத்த பின் அவர் விடும் மூச்சு மூடிய குழாய்க்குள் போகும். கிருமியைக் கொட்டிக்கொண்டு, மூச்சிரைத்துக்கொண்டு, இருமிக்கொண்டு படுத்திருந்தவர்கள் பொது வார்டில் இருந்தார்கள். அங்கே மெல்லிய முகக்கவசத்தோடு அவர்களைத் திருப்பிப் படுக்கவைத்தவர், சாப்பாடு ஊட்டியவர், தரையைத் துடைத்தவர் யார் என்பதுதான் கேள்வி. கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனை 2020 டிசம்பர் கடைசியில் கொரோனா வார்டு முழுவதற்கும் எஃப்.எஃப்.பி.3 கொடுத்தது. வார்டில் பணியாளர்களுக்குப் பரவிக்கொண்டிருந்த தொற்று அதன் பின் சரசரவென்று இறங்கியது.

இப்போது சரிக்கட்டலுக்குத் திரும்புவோம். மேலே சொன்ன 4.2 மடங்கு ஒரு கட்டத்து எண் மட்டுமே. அதே புள்ளியியல் அலுவலகம் அதன் பின் வசிக்கும் இடம், வறுமை, வீட்டில் எத்தனை பேர், முன்பிருந்த உடல்நிலை ஆகியவற்றிலும் ஒத்தவர்களை மட்டும் ஒப்பிட்டது. 4.2 மடங்கு 1.9 மடங்காகச் சுருங்கியது. அப்போது பலர் இந்தச் சுருக்கத்தை ஒரு நிம்மதிச் செய்தியைப்போலப் படித்தார்கள்: பாதிக்கு மேல் போய்விட்டது, இனம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. இந்த வாசிப்பு எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. ஏன் என்று விளக்க ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி மழையில் அந்த ஊரில் எந்தெந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்று கணக்கெடுக்கிறோம். ஒரு சாதியாரின் வீடுகள் மற்றவர்களுடையதைப்போல நான்கு மடங்கு மூழ்கியிருக்கின்றன. பிறகு ஒவ்வொரு வீட்டு மனையின் உயரத்தையும் அளக்கிறோம். ஒரே உயரத்தில் நிற்கும் வீடுகளை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் மறைந்துவிடுகிறது. சாதிக்கும் வெள்ளத்துக்கும் தொடர்பில்லை, பள்ளம்தான் காரணம் என்று அறிக்கை எழுதிவிடலாம். அது பொய்யும் இல்லை. தண்ணீர் யாரிடமும் சாதி கேட்பதில்லை. ஆனால் மேட்டுத் தெருவில் யார் வீடு கட்டினார்கள், பள்ளத்தில் யாருக்கு மனை கிடைத்தது என்பதெல்லாம் அந்த மழை பெய்வதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. உயரத்தைச் சரிக்கட்டியபோது நாம் ஏற்றத்தாழ்வை மறுக்கவில்லை. அது எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்று கண்டுபிடித்திருக்கிறோம்.

புள்ளியியலாளர்கள் இங்கே இரண்டு வகைக் காரணிகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒப்பீட்டில் புகுந்து கணக்கைக் கலைத்துப்போடுவது குழப்பும் காரணி. முன்பு பார்த்த வயது அப்படிப்பட்டது. இனத்தால் யாருடைய வயதும் கூடுவதோ குறைவதோ இல்லை. அதைச் சரிக்கட்டினால்தான் உண்மை தெரியும். மற்றது இடைக் காரணி. இனத்தின் விளைவு எந்தப் பாலத்தைக் கடந்து உடலை எட்டுகிறதோ அந்தப் பாலம். என்ன வேலை, எந்த வார்டு, என்ன முகக்கவசம், நெரிசலான வீடு, எல்லாம் பாலங்கள். கணினிக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரிதான் கழித்துத் தரும். எது குழப்பம், எது பாலம் என்பதை எண்களுக்கு வெளியே இருந்து, அந்த நாட்டின் வரலாறு தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

என்.எச்.எஸ் 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. இந்திய, பாகிஸ்தானிய மருத்துவக் கல்லூரிகள் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தைத்தான் பின்பற்றி வந்தன. அவற்றின் பட்டங்கள் அப்போது அங்கே செல்லுபடியாயின. 1950களிலும் 60களிலும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். உள்ளூர் மருத்துவர்கள் விரும்பாத துறைகளில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது: முதியோர் மருத்துவம், மனநலம், சுரங்க ஊர்களிலும் நகரத்து ஏழைப் பேட்டைகளிலும் குடும்ப மருத்துவம். 2020 ஏப்ரல் 4 அன்று கொரோனாவில் இறந்த அன்டன் செபஸ்தியான்பிள்ளை இலங்கையின் பேராதனையில் மருத்துவம் படித்துப் பிரிட்டன் போனவர். மருத்துவ வரலாற்றுக்கு ஓர் அகராதியும் இலங்கை வரலாறும் எழுதியவர். லண்டன் அருகே கிங்ஸ்டன் மருத்துவமனையில் அவர் பார்த்த துறை முதியோர் மருத்துவம். எழுபது வயது கடந்த பின்னும் மார்ச் 20 வரை வேலைக்கு வந்திருந்தார்.

செவிலியர் கதையும் இதுவே. கரீபியத் தீவுகளிலிருந்து, பிறகு பிலிப்பைன்ஸிலிருந்து, கேரளத்திலிருந்து வந்தவர்கள் படுக்கையோரப் பணிகளில் நிறைந்தார்கள். மேல்நிலைப் பதவிகளில் மெலிந்தார்கள். நேர்காணலுக்குத் தேர்வானவர்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 1.61 மடங்கு என்று என்.எச்.எஸ்ஸின் சொந்த இனச் சமத்துவ அறிக்கையே 2020இல் கணக்கிட்டது. அமெரிக்காவிலும் இதே வடிவம்தான். அங்கே செவிலியரில் பிலிப்பினோக்கள் 4 சதவீதம். தொற்றின் முதல் மாதங்களில் இறந்த செவிலியரில் அவர்கள் 31.5 சதவீதம் என்று தேசியச் செவிலியர் சங்கம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட பட்டியல் காட்டியது.

ஒரே வார்டு, ஒரே பதவி என்று இருவரை நிறுத்தினாலும் எல்லாம் சமமாகிவிடவில்லை. 2020 மே மாதம் ராயல் செவிலியர் கல்லூரி கேட்டபோது, அதிக ஆபத்துள்ள பிரிவுகளில் கண்ணுக்கும் முகத்துக்கும் போதிய பாதுகாப்பு இருந்ததாகச் சொன்னவர்கள் வெள்ளையரில் 66 சதவீதம், சிறுபான்மையினரில் 43 சதவீதம். போதிய பாதுகாப்பு இல்லாமலே நோயாளியைப் பார்க்க வற்புறுத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் முறையே 45, 70 சதவீதம். கிடங்கிலிருந்த முகக்கவசத்துக்கு இனம் தெரியாது. ஆனால் ‘இது இல்லாமல் உள்ளே போகமாட்டேன்’ என்று மேலாளரிடம் சொல்லும் துணிச்சல், வேலையோடு விசா கட்டப்பட்டவருக்கும் கட்டப்படாதவருக்கும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. தாங்கள் வேலை செய்யும் அதே மருத்துவச் சேவையைப் பயன்படுத்த வெளிநாட்டுப் பணியாளர்கள் ஆண்டுக்கு 400 பவுண்டு கூடுதல் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே, மே 21 அன்று, அரசு அவர்களுக்கு விலக்கு அறிவித்தது. முகக்கவசம் கிடைத்தாலும் அது முகத்தில் படிய வேண்டும்; தாடி இருந்தால் இறுக்கமாகப் படியாது. தாடி மழிக்காத சீக்கிய மருத்துவர்கள் தாட்டா என்னும் தங்கள் பழைய தாடிக்கட்டுத் துணியின் முறையை மாற்றியமைத்து அதற்குத் தாங்களே ஒரு வழி கண்டார்கள்.

உடலில் காரணம் தேடியவர்களும் உண்டு; தேடியதில் தவறில்லை. கருத்த தோல் வடக்கு நாட்டு வெயிலில் வைட்டமின் டி குறைவாகச் செய்யும் என்பது உண்மை. அதுதான் காரணமோ என்று, பிரிட்டனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குழுக்களாகப் பிரித்து, குறைபாடு உள்ளவர்களுக்கு வைட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி தொற்று குறையவில்லை. மரபணுவிலும் ஒரு தடயம் கிடைத்தது. நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்த ஒரு துண்டு, மூன்றாம் குரோமோசோமில் இருப்பது, நோயைத் தீவிரமாக்குகிறது என்று 2020இல் ஹியூகோ செபெர்க், ஸ்வாந்தே பாபோ இருவரும் கண்டார்கள். தெற்காசியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடமும் ஐரோப்பியரில் நூற்றுக்குப் பதினாறு பேரிடமும் அது இருக்கிறது. தெற்காசியரின் மரணங்களில் அதற்கு ஏதோ பங்கு இருக்கலாம். ஆனால் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அந்தத் துண்டு கிட்டத்தட்ட இல்லவே இல்லை; முதல் அலையில் பிரிட்டனில் மிக அதிகமாக இறந்தவர்களில் அவர்களும் உண்டு. இரண்டாம் அலையில் தெற்காசியரைத் தவிர மற்றச் சிறுபான்மையினருக்கும் வெள்ளையருக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. சில மாதங்களில் யாருடைய மரபணுவும் மாறிவிடவில்லை.

தோலின் நிறம் நேரடியாகக் கணக்கில் வந்த ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை அந்த நாட்களில் நம் ஊரிலும் வீட்டுக்கு வீடு வாங்கினோம். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, எது எவ்வளவு விழுங்கப்பட்டது என்று பார்த்து இரத்தத்தின் ஆக்சிஜனை அது கணிக்கிறது. தோலின் கருநிறமியும் அந்த ஒளியில் கொஞ்சம் விழுங்கும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டும்போது, இரத்தத்தை நேரடியாகச் சோதித்தால் ஆக்சிஜன் 88க்குக் கீழே கிடந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஆபத்தில் இருந்தவரைக் கருவி ‘நலம்’ என்று சொல்லியிருக்கிறது. இதுகூட நிறமியின் குற்றமல்ல. கருவியை யாருடைய விரலில் அளந்து சரிபார்த்தார்கள் என்பதன் விளைவு. பிரிட்டிஷ் அரசு அமைத்த மார்கரெட் வைட்ஹெட் குழு, மருத்துவக் கருவிகளில் உள்ள இத்தகைய சாய்வு குறித்து 2024 மார்ச்சில் விரிவான அறிக்கை அளித்தது.

2020 கோடையில் என்.எச்.எஸ் தன் பணியாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிடச் சொன்னது. வயது, நீரிழிவு, உடல் எடை இவற்றோடு இனமும் ஒரு கட்டமாகச் சேர்ந்தது. அவசரத்தில் அது பல உயிர்களைக் காத்திருக்கும் என்று நம்புகிறேன். ஆபத்தான வார்டிலிருந்து ஒருவரை நகர்த்த ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆனால் நீரிழிவும் இனமும் ஒரே படிவத்தில் அடுத்தடுத்து உட்காரும்போது, இனமும் உடலுக்குள் இருக்கும் ஒரு நோயைப்போலத் தோன்றிவிடுகிறது. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘எந்த வார்டு, என்ன முகக்கவசம், வேலை நிரந்தரமா’ என்ற கேள்விகளும் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டது லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மனீஷ் பரீக் தலைமையில் நடந்த யூகே-ரீச் ஆய்வு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களிடம், வாரத்துக்கு எத்தனை கொரோனா நோயாளிகளைப் பார்த்தீர்கள், பாதுகாப்பு உடை எப்போதும் கிடைத்ததா, வீட்டில் யாரோடு இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். 23 சதவீதத்தினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. பாதுகாப்பு உடை கிடைக்காதவர்களுக்கு அதிகம், நிறைய நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கு அதிகம், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்குக் குறைவு.

இறந்தவர்களிடம் இதைக் கேட்க முடியாது. 2024 செப்டம்பர் 9 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மருத்துவர் நிரப்பும் இறப்புச் சான்றிதழில் இனத்துக்கு ஓர் இடம் வந்திருக்கிறது; ஸ்காட்லாந்தில் 2012 முதலே இறப்பைப் பதிவு செய்யும்போது கேட்கிறார்கள். எந்த வார்டில் வேலை பார்த்தார், என்ன முகக்கவசம் கொடுத்தார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. அடுத்த பெருந்தொற்றிலும் அதை உயிரோடு இருப்பவர்களிடம், வேலையில் இருக்கும்போதே, கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.